கீழ் போல் ஜொயின்ட்: வீட்டு முற்றத்தில் மாற்றலாமா?

திருகோணமலை உப்புவெளி வாசகரின் கேள்வி, 2025 மே 11, காலை

அண்ணை, என்னுடையது டொயோட்டா 110 கொரோலா கார். நிலாவெளி வீதியில் மெதுவாகக் குழியில் இறங்கினால் முன் இடது பக்கத்தில் 'டொக்' என்று கேட்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் ஒரு முனகல். கராஜில் காட்டினேன். இரண்டு லோவர் ஆர்ம், இரண்டு போல் ஜொயின்ட், டைறொட் எண்ட், ரெக் எண்ட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று துண்டில் எழுதித் தந்துவிட்டார்கள். காரைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. போல் ஜொயின்டை வீட்டிலேயே மாற்றலாம் என்கிறான் நண்பன். முடியுமா?

மே 11, மதியம்

முடியும். ஆனால் அதற்கு முன்னால் எது தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சில்லு பூட்டியிருக்கும் இரும்புப் பாகம் நக்கிள். அதைக் காரின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் கை லோவர் ஆர்ம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், கிண்ணத்துக்குள் உருண்டை திரும்புவதுபோல் இருப்பது கீழ் போல் ஜொயின்ட். ஸ்டியரிங்கின் திருப்பலைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டின் வெளிநுனி டைறொட் எண்ட், உள்நுனி ரெக் எண்ட். தூக்கிப் பார்க்காமல் எழுதிய பட்டியலுக்கு மதிப்பில்லை. அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் சிரிக்க உதவும்.

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்ட் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் இருக்க வேண்டும், சில்லு தொங்க வேண்டும். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கையாகப் பிடித்து, மேலே தள்ளும்போது கீழே இழுத்து ஆட்டுங்கள். கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் கை வைப்பது என்பார்களே, அது. ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி சில்லுப் பெயரிங். நிற்கவில்லை என்றால் போல் ஜொயின்ட் பக்கம் பாருங்கள். பிறகு 9க்கும் 3க்கும் கை வைத்து ஆட்டுங்கள். அங்கே ஆடினால் டைறொட் எண்ட் அல்லது ரெக் எண்ட்.

இன்னுமொன்று. டயருக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து மெல்லக் கிளப்புங்கள். வேறொருவர் ரோர்ச் அடித்து, லோவர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே பார்க்கட்டும். அங்கே ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். கண் மட்டும் போதும், விரலை அந்த இடைவெளியில் வைக்க வேண்டாம்.

மே 11, இரவு

மதியம் 'ஸ்டாண்ட்' என்று எளிதாக எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் ஸ்டாண்ட் இருக்கிறது? சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துகிறவர்களை இந்தத் தெருவிலேயே எனக்குத் தெரியும். சீமெந்துக் கல் சொல்லிக்கொண்டு உடையாது. ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வைரமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். கழற்றிய சில்லைக் காரின் கீழ் விளிம்புக்கு அடியில் படுக்க வையுங்கள்.

உப்புவெளி என்றால் முற்றம் மணலாகத்தான் இருக்கும். ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே அகலமான பலகை போடாவிட்டால், கார் மேலே போவதற்குப் பதிலாக ஜாக் கீழே போகும். பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். முன்சில்லு இழுவைக் காரில் கியரில் போட்டுவிட்டோம் என்ற தைரியம் உதவாது, தூக்கியிருப்பது அந்தச் சில்லுகளைத்தான்.

மே 12

வெசாக். கடை எதுவும் திறந்திருக்காது, ஆகவே கொஞ்சம் கதைக்கலாம்.

உவர்மலையில் இருந்து ஒரு பெரியவர் கேட்கிறார்: "என் மொரிஸ் மைனருக்கும் இதுதானா?" இல்லை ஐயா. மைனரில் போல் ஜொயின்டே கிடையாது. முன்சில்லைத் தாங்கும் தண்டின் மேலும் கீழும் மரை வெட்டி, அது ட்ரனியன் என்னும் பாகத்துக்குள் திருகித் திருகித் திரும்புகிறது. 1948இல் அலெக் இசிகோனிஸ் அதை அப்படித்தான் வடிவமைத்தார். கிறீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் அது உங்களையும் என்னையும் விட அதிக காலம் இருக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் முன்சில்லு மடிந்து கார் மூக்கால் விழும். அதே மனிதர் 1959இல் மினியைச் செய்தபோது போல் ஜொயின்டுக்கு வந்துவிட்டார். அதில் மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தும் சேர்த்தும் ஆட்டத்தைச் சரிசெய்யலாம். இப்போதைய ஜொயின்டுகளில் அந்தச் சலுகை இல்லை. மூடி முத்திரையிட்டு வருகின்றன, தேய்ந்தால் மாற்றுவதுதான்.

ஐயா, உங்கள் காரில் கிறீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தூசிக்குள் ஒளிந்திருக்கும்.

மே 14

உப்புவெளித் தம்பி ஆட்டிப் பார்த்துவிட்டார். இடது பக்கம் 12க்கும் 6க்கும் இடையில் ஆட்டம், பிரேக் பிடித்தாலும் நிற்கவில்லை, அலவாங்கு கொடுத்தபோது ஜொயின்ட் ஏறி இறங்கியது தெரிந்தது. 9க்கும் 3க்கும் இடையில் இரு பக்கமும் அசைவே இல்லை. வலது பக்கம் ஆட்டம் இல்லை, ஆனால் ஜொயின்டை மூடும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது. லோவர் ஆர்மைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் புஷ்கள் இரண்டு பக்கமும் வெடிப்பில்லாமல் இருக்கின்றன.

ஆகவே அந்தத் துண்டில் எழுதியிருந்தவற்றில் ஆர்ம் இரண்டும் வேண்டாம், டைறொட் எண்ட் வேண்டாம், ரெக் எண்ட் வேண்டாம்.

ஒரு பக்கம் தேய்ந்தால் இரண்டு பக்கமும் மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்பிரிங்கிலும் சொக் அப்சோபரிலும் அதற்கு நியாயம் இருக்கிறது, கார் ஒரு பக்கம் சாயக் கூடாது. போல் ஜொயின்ட் அப்படியல்ல. ஆடாததை ஏன் கழற்ற வேண்டும்?

மே 14, சற்றுப் பின்

மேலே எழுதியதை மறுபடி வாசித்தேன். பொது விதியாக அது சரி. தம்பியின் வலது ஜொயின்டுக்குப் பொருந்தாது. உறை கிழிந்துவிட்டது. கச்சான் காற்று தொடங்கினால் நிலாவெளி வீதியில் மணல் எங்கெல்லாம் புகும் என்று அங்கே இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணல் உள்ளே போன ஜொயின்ட் இன்று ஆடாமல் இருப்பதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. உறை மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆனால் எத்தனை நாளாகக் கிழிந்திருக்கிறது என்று தெரியாத இடத்தில் புது உறை போடுவது, மணலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதுதான். இரண்டையும் வாங்குங்கள் தம்பி.

மே 17

வாங்குவது பற்றி. டொயோட்டாவின் பாக இலக்கம் 43330 என்று தொடங்கினால் அது கீழ் போல் ஜொயின்ட். மீதி இலக்கங்கள் காருக்குக் கார் மாறும், ஆகவே சேசிஸ் இலக்கத்தைக் கடைக்காரரிடம் கொடுங்கள். '110 கொரோலா' என்ற சொல்லை நம்பி வாங்கினால், தண்டின் தடிப்பு வேறாக வந்து சனிக்கிழமை பின்னேரம் காரை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்பீர்கள். ஊரில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் போட்டனுப்பச் செய்யலாம்.

பெட்டியைப் பார்க்காதீர்கள், பொருளைக் கையில் எடுங்கள். புது ஜொயின்டின் தண்டை விரல்களால் அசைத்தால் இறுக்கமாக, ஒரே சீராக அசைய வேண்டும். தொளதொளவென்று தலை சாய்த்தால் மேசையிலேயே திருப்பிக் கொடுங்கள். உறையின் கீழ் வளையம் சுற்றிவரச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நட்டும், அது கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கொட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுகிற சிக்கனம் வேண்டாம்.

சிக்கனம் என்றதும் நினைவு வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் பழைய காரையே கட்டி அழுதோம், இப்போது விலையைக் கேட்ட பிறகு தொடர்ந்தும் கட்டி அழப் போகிறோம். வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்கி வரி அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். புகை பார்க்கும் குழாய்க்கு முன்சில்லு கழன்று விழப்போவது தெரியாது.

மே 20

கிண்ணியாவில் இருந்து வான் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: சில்லைத் தொங்கவிட்டு ஆட்டினேன், ஆட்டமே இல்லை, ஆனால் ஓடும்போது சத்தம் வருகிறது.

11ஆம் திகதி நான் எழுதியது கொரோலா மாதிரியான கார்களுக்கு. அவற்றில் ஸ்பிரிங் சொக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கப் பொறியியலாளர் மக்பர்சன் கொண்டுவந்த முறை, 1950களின் தொடக்கத்தில் ஃபோர்ட் கொன்சல், செஃபிர் கார்களில் பரவியது. கீழ் ஜொயின்ட் அங்கே காரின் சுமையைத் தாங்குவதில்லை, சில்லை இடத்தில் பிடித்து வைக்கிறது. ஆகவே தொங்கவிட்டதும் தளர்ந்து, ஆட்டம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள வாகனங்களில் கதை வேறு. குனிந்து பாருங்கள், ஸ்பிரிங்கோ, அதற்குப் பதிலாக முறுக்கி வேலை செய்யும் டோர்ஷன் பார் கம்பியோ எந்த ஆர்மைப் பிடித்திருக்கிறது? கீழ் ஆர்மை என்றால், சில்லைத் தொங்கவிட்டாலும் ஸ்பிரிங் அந்த ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும், ஜொயின்ட் இறுகியே நிற்கும், ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜொயின்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொடுத்துத் தூக்குங்கள். பிறகு ஆட்டுங்கள்.

அந்த வகை வானில் நீங்களே கழற்ற முயல வேண்டாம். கீழே ஜாக் இல்லாமல் ஜொயின்டை விடுவித்தால், ஸ்பிரிங் அடக்கி வைத்திருக்கும் விசை முழுவதும் உங்கள் முகத்துக்கு நேரே வெளியே வரும். அதைத் தினமும் செய்கிற மெக்கானிக் பாஸிடம் விடுங்கள்.

மே 24, இரவு

இன்று காலை தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் செய்தார், நான் கதிரையில் இருந்து கருத்துச் சொன்னேன். வேப்ப மரநிழல், தேநீர், வேலிக்கு வெளியே இரண்டு மான்கள். திருகோணமலை மான்களுக்கு மனிதர் என்றால் பயமில்லை, ஸ்பனர் சத்தம் என்றாலும் பயமில்லை.

நட்டுகளுக்கெல்லாம் முதல்நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் அடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். கடற்காற்றில் நிற்கும் காருக்கு ஒரு தடவை போதாது, படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அடித்திருந்தார்.

சில்லு கழன்றதும் நடந்த வரிசை இது. கொட்டர் பின்னை நேராக்கி இழுத்தார், பாதி உடைந்து வந்தது, மீதியை ஆணியால் தட்டி வெளியே தள்ளினார். ஜொயின்டின் தண்டு மேல்நோக்கி நக்கிளின் கண்ணுக்குள் போகிறது, அதன் தலையில் மகுடம்போல் வெட்டுகள் உள்ள நட்டு. அந்த நட்டைத் தளர்த்த வேண்டும், கழற்றக் கூடாது. நுனியில் சில மரைகளில் நிற்கட்டும். தண்டு விடுபடும்போது எல்லாம் ஒரேயடியாகத் துள்ளாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு.

இனி எல்லோரும் தோற்கும் இடம். தண்டு கூம்பு வடிவம், கண்ணும் கூம்பு வடிவம். பல வருடமாக ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கின்றன. கையில் சுத்தியல் இருக்கும் மனிதனுக்குத் தண்டின் நுனியில் அடிக்கத் தோன்றும். அடித்தால் மரை சப்பையாகும், நட்டும் வராது, தண்டும் வராது. கவட்டைக் கம்பியை இடையில் அடித்துப் பிரிக்கலாம், எப்படியும் வீசப்போகிற ஜொயின்டுக்கு அது பரவாயில்லை, ஆனால் டைறொட் எண்டில் அதே கம்பியைப் பயன்படுத்தினால் நல்ல உறையும் கிழியும். நாங்கள் செய்தது இரண்டு சுத்தியல் முறை. நக்கிளின் கண்ணுக்கு ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றால் ஓங்கி அடிக்க வேண்டும். அடி விழும் கணத்தில் வட்டமான கண் மயிரிழை அளவு நீள்வட்டமாகும், கூம்பின் பிடி விடும். தம்பி முதலில் மனைவியின் சாடிக்குப் பயந்தவர்போல் தட்டினார். அப்படித் தட்டினால் இரும்புக்குக் கோபம் வராது. தோளில் இருந்து அடியுங்கள் என்றேன். 'டப்' என்று வெடித்துத் தண்டு இறங்கியபோது மான்கள் முதன்முறையாகத் தலையைத் தூக்கின.

பிறகு லோவர் ஆர்மோடு ஜொயின்டைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட், இரண்டு நட்டு. இவருடையதில் 17 சாவி. இதற்கு முன்பே, கார் சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் உள்ள லிங்கைக் கழற்றிவிட்டோம். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு ஆர்மை மேலே இழுக்கும், கீழே அழுத்தவே முடியாது. ஆர்மில் சங்கிலியைச் சுற்றி, அதற்குள் அலவாங்கைக் கொடுத்து நான் மிதித்தேன், கதிரையில் இருந்து எழ வேண்டிய ஒரே வேலை. ஆர்ம் இறங்கியது, நக்கிளை வெளிப்பக்கம் சாய்த்தோம், நட்டைக் கழற்ற இடம் கிடைத்தது.

இந்த இடத்தில் பேராசை வேண்டாம். சில்லைச் சுழற்றும் ட்ரைவ் ஷாஃப்ட் குறுக்கே நிற்கிறதே என்று நக்கிளை மேலும் மேலும் வெளியே இழுத்தால், ஷாஃப்டின் உள்பக்கத்து ஜொயின்ட் தன் கிண்ணத்துக்குள்ளேயே கழன்றுவிடும். பிறகு இரண்டு ஜொயின்டுக்குப் பதிலாகக் கிறீஸில் குளித்த இன்னொரு வேலை. பிரேக் குழாயும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியதைப் போடுவது கழற்றுவதில் கால்வாசி நேரம். கண்ணின் உள்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். அங்கே கிறீஸ் பூசக் கூடாது. கூம்பு உலர்ந்து கடித்தால்தான் பிடி. கிறீஸ் இருந்தால் நட்டை இறுக்க இறுக்கத் தண்டு அளவுக்கு மீறி உள்ளே போகும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் சாப்பிட்டபின், பாதி நேரத்தில். இதை யாராவது கராஜில் அவதானித்திருக்கிறீர்களா? இரண்டாவது பக்கம் எப்போதும் பாதி நேரம், கூலி மட்டும் பாதியாகாது.

மே 25

மகுட நட்டைப் பற்றி விட்டுப்போனது. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியபின் கொட்டர் பின்னின் துளை நேருக்கு வராவிட்டால், அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும். பின்னால் தளர்த்தி நேர்ப்படுத்துவது இல்லை.

சில்லு நட்டுகளுக்கு டொயோட்டா சொல்வது 103 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் றெஞ்ச் இல்லாதவர்களுக்குக் கணக்கு: அரை மீற்றர் நீளமுள்ள பிடியின் நுனியில் ஏறத்தாழ 21 கிலோ எடை அழுத்துவது. வீதியோரத்தில் குழாயைப் போட்டு அதன் மேல் ஏறிக் குதிக்கிறவர்கள் இதை ஒரு தடவை வாசிக்கட்டும். சில்லு நட்டுக்கு இந்தக் கணக்கு போதும். ஜொயின்ட் நட்டுகளுக்கு மட்டும் றெஞ்சை இரவல் வாங்குங்கள்.

மே 27

பழைய இடது ஜொயின்டைக் கிரைண்டரால் பிளந்து பார்த்தேன். வேலையில் இருந்த காலத்துப் பழக்கம், உடைந்ததைத் திறந்து பார்க்காமல் வீச மனம் வராது. உறைக்குள் கிறீஸ் என்று ஒன்றுமில்லை. காய்ந்த புளிக்கரைசல் போல் செம்மண் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, விரலில் தேய்த்தால் மணல் நெருடியது. உருண்டையின் மேற்பாதி பளபளப்பு, கீழ்ப்பாதியில் ஊசியால் குத்தியது மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். அதைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒரு பக்கத்தில் நகம் அளவுக்கு மெலிந்து, மறுபக்கத்தில் இல்லவே இல்லை. ஸ்டியரிங் ஒடிக்கும்போது முனகியது இதுதான், இரும்பும் இரும்பும் உரசியிருக்கின்றன.

வலது ஜொயின்டையும் பிளந்தேன். கிறீஸ் இன்னும் கிறீஸாகவே இருந்தது, உறைக் கிழிசலுக்கு நேரே மட்டும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கச்சான் முடியும்வரை அது தாங்கியிருக்குமா? தாங்கியிருக்கலாம். மாற்றச் சொன்னதற்கு எனக்கு வருத்தமில்லை.

ஜூன் 1

தம்பி தொலைபேசியில்: முனகல் போய்விட்டது, ஸ்டியரிங் நேராக நிற்கிறது, ஆனால் குழியில் 'டொக்' இன்னும் கேட்கிறது, முன்பைவிடக் குறைவாக.

எனக்கு ஆச்சரியமில்லை. சத்தம் ஒன்று என்றால் காரணமும் ஒன்று என்று சத்தியம் செய்து கொடுத்தவர் யார்? ஒரு சில்லு மட்டும் குழியில் இறங்கும்போது கேட்கிறதா, இரண்டும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போதும் கேட்கிறதா என்று கேட்டேன். ஒன்று மட்டும் இறங்கும்போதுதானாம். அப்படியென்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுக்குவதில்லை, லிங்குக்கும் வேலையில்லை. அன்று கழற்றிய லிங்கைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தீர்களா என்றேன். அமைதி. அதன் இரு நுனியிலும் சின்னப் போல் ஜொயின்ட்தான் இருக்கிறது தம்பி. கையால் தொளதொளவென்று அசைந்தால் அதுதான்.

ஜூன் 3

லிங்க்தான். தேநீர் ஆறுவதற்குள் மாற்றிவிட்டாராம். அந்தத் துண்டில் எத்தனையோ பாகம் எழுதியவர்கள் லிங்கை எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காரில் ஜொயின்ட் அதே துளைகளில் உட்காருவதால் பெரிதாக மாறாது. ஆனால் தேய்ந்த ஜொயின்டோடு முன்பு யாரோ எலைன்மென்ட் செய்திருந்தால், அந்தத் தேய்மானத்துக்கு ஏற்றபடி திருப்பி வைத்திருப்பார்கள். டயர் உள்விளிம்பு மொட்டையாகும் முன் பார்த்துவிடுவது மலிவு.

ஜூன் 8

மூதூரில் இருந்து, தன் சுசுகி ஓல்டோவுக்கும் இதே வழிதானா என்று கேட்டவருக்கு. உங்கள் காரில் ஜொயின்ட் ஆர்மோடு ஒன்றாக வருகிறது, ஆர்மையே மாற்ற வேண்டும். தண்டுக்கு நட்டு இல்லை. நக்கிள் ஒரு கிடுக்கி போல் பிடித்திருக்கும், குறுக்கே ஒரு போல்ட். தளர்த்தினால் போதாது, முழுவதும் வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் அது தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. அது தெரியாமல் அடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பிளவில் ஸ்க்ரூ ட்ரைவரைக் கொடுத்துக் கொஞ்சம் அகட்டினால் தண்டு இறங்கும்.

புது ஆர்மின் புஷ் போல்ட்களைச் சில்லு தொங்கும்போது இறுக்க வேண்டாம். கையால் மட்டும் முறுக்கி வைத்து, சில்லைப் பூட்டி, காரை இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, எடை நிலத்தில் இருக்கும்போது இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே ஓடிச் சீக்கிரம் கிழியும். கராஜில் செய்வித்தால் இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாஸ் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.